ஐந்தாம் வரிசையிலிருந்து வந்த பதில்

துபாய், ஞாயிறு காலை

அன்பு மைஸூன், உன்மேல் இறைவனின் அமைதி நிலைக்கட்டும். முட்டிவலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கச்சேரியில் கானூனை மடியில் வைத்து, தந்திகளை மீட்டித் தனியாக வாசித்தேன். எங்கெங்கோ சுற்றிவிட்டு ஆரம்பித்த சுரத்தில் வந்து இறங்கியதும், ஐந்தாம் வரிசையில் ஒரு பெரியவர் "அல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னார். வாசிப்பு மனதைத் தொட்டால் நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதானே. காவலாளி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

"அவரு வாசிச்சாரு தம்பி, நான் பதில் சொன்னேன்," என்றார். வெளியே தள்ளிவிட்டார்கள்.

நான் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மேலாளர் மேடை ஓரத்தில் நின்று பல்லைக் கடித்தார். "ஏன்யா நிறுத்துன? இது அரங்கம், சந்தை இல்ல."

"கேக்குறவர வெளிய தள்ளிட்டீங்க. இனி நாற்காலிக்கா வாசிக்கணும்?"

இரண்டு வாரம் எனக்கு மேடை கிடையாது. வேலை போகவில்லை, பயப்படாதே. அந்த மேலாளரும் நம் அலெப்போக்காரன்தான், நம் தெருக் கச்சேரிகளில் இப்படியே கத்தி வளர்ந்தவன். அதுதான் ஆறவில்லை.

கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பு, அரங்கத்தில் குளிர் தாங்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் நண்பன் கீழே ஹாரன் அடிக்கிறான், இதை அவனிடம் கொடுக்க வேண்டும். இன்னொன்று. வியாழக்கிழமை உன் தம்பி வீட்டில் யாராவது பாடும்போது கைபேசியில் பதிவு செய். உன் தம்பி பாட்டு நடுவில் "அல்லாஹ்" என்று கத்துவதை எத்தனை முறை திட்டியிருக்கிறேன். கைபேசியைப் பாடுகிறவர் பக்கம் வைக்காதே, அவன் பக்கம் வை.

வஜ்தி