இடது இமை

2023 ஜூன் 12, திருப்பதி

இன்று விமானி அறையில் கேமரா மாட்டினார்கள். பெங்களூரிலிருந்து வந்திருக்கும் எஞ்சினியர் சுலோசனாவுக்குச் சொந்த ஊர் நகரி. எனக்கும் தமிழ்நாட்டு எல்லையோரம்தான், வரதய்யபாளையம் என்றதும் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறிவிட்டாள். பறக்கும்போது கண் எங்கே பார்க்கிறது, இமை எவ்வளவு நேரம் பாதிக்கு மேல் இறங்கிக் கிடக்கிறது என்று அந்தக் கேமரா கணக்கெடுக்குமாம். அதை வைத்து அசதியைக் கண்டுபிடித்துவிடலாமாம். மற்ற பைலட்டுகள் தயங்கினார்கள். நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் விடியற்காலை, அடுத்த நாள் பின்னிரவு என்று டியூட்டியை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். வாயால் சொன்னால் கம்பெனி நம்புவதில்லை. எங்கள் கண்ணே சொல்லட்டும்.

ஜூன் 20

காலை ஹைதராபாத், மாலை விஜயவாடா. சாப்பிடக்கூட முடியவில்லை.

ஜூலை 3

சுலோசனா வரைபடங்களைக் காட்டினாள். எல்லோருக்கும் இமை இறங்குகிறது. எனக்குத்தான் அதிகம். உள்ளூரச் சந்தோஷம் — இதைவிடச் சாட்சி வேண்டுமா? வீட்டுக்கு வந்து பத்மினியிடம் சொன்னேன். என் மனைவி நர்ஸ். எதையும் சும்மா பார்க்கமாட்டாள். "இன்னாங்க, சிரிக்கும்போது ஒரு கண்ணு மட்டும் சின்னதா கீது" என்றாள்.

ஜூலை 16

லீவில் வரதய்யபாளையம். நன்றாகத் தூங்கினேன். நைனா ஊர் முழுக்க என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். கூலி வேலை செய்து வாங்கிய நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்து, அதில் வந்ததை வைத்து என்னைப் பைலட் ஆக்கியவர். சாப்பிடும்போது, "இன்னாடா, துன்னுக்கினே தூங்குற?" என்றார்.

"தூங்கல நைனா."

உண்மையாகவே தூக்கக் கலக்கம் இல்லை. இமைதான் நிற்கவில்லை.

ஜூலை 19

சுலோசனா தனியாகக் கூப்பிட்டாள். "தூக்கம்னா ரெண்டு இமையும் சேர்ந்து எறங்கும் சார். உங்களுக்கு இடது மட்டும் முன்னாடி எறங்குது. லீவு முடிஞ்சு வந்தும் அப்படியேதான் இருக்குது. இது அசதி மாதிரி தெரியல. டாக்டர்கிட்ட காட்டுங்க."

காட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அறிக்கையில் பெயர் வராது என்றாள்.

காட்டவா? ஒரு வாரம் போகட்டுமா?

ஜூலை 22

திருப்பதிக்குத் திரும்பி ரேணிகுண்டாவில் இறங்கும்போது ரன்வே இரண்டாகத் தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி. எது நிஜம்? பின்னால் அத்தனை பேர் — "யஸ்வந்த், நீ எடுத்துக்கோ" என்றேன். துணை விமானி, முப்பது வயதுகூட ஆகாதவன். ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டான். பூப்போல இறக்கினான். அதன் பிறகும் என் கைகள் மடியிலேயே கிடந்தன.

இறங்கியதும், இனி பறக்கமாட்டேன், கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 9

வேலூர். மயஸ்தீனியாவாம். நரம்பு சொல்வதைத் தசை கேட்காது; வேலை செய்யச் செய்யத் தளர்ந்துபோகும். மாத்திரை இருக்கிறது, வாழ்ந்துவிடலாம் என்றார் டாக்டர்.

"பறக்கலாமா?"

அவர் பத்மினியைப் பார்த்தார்.

செப்டம்பர் 27

லைசென்ஸ் போச்சு. நிரந்தரமா.

நைனாவுக்குப் போன் பண்ணினேன். சொல்லி முடிச்சதும், "உசுரு கீதில்ல? வூட்டுக்கு வா." அவ்ளோதான். நெலத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. திட்டியிருக்கலாமே! எதுக்கு அந்த மனுசன் திட்டல?

நவம்பர் 14

கேமராக்களைக் கழற்றிவிட்டார்கள். கம்பெனியின் முடிவு: அளவுக்கு மீறி இமை இறங்கியவர் ஒருவர்தான், அவர் நோயாளி; டியூட்டி போடுவதில் குறை இல்லை. சுலோசனாதான் போனில் சொன்னாள். "மத்தவங்க வரைபடத்தையும் குடுத்தேன் சார். யாரும் பிரிச்சுக்கூட பாக்கல."

எல்லோருக்காகவும் என்றுதானே கையெழுத்துப் போட்டேன்.

2024 பிப்ரவரி 18

பத்மினி குவைத்துக்குக் கிளம்பினாள். அங்கே ஆஸ்பத்திரியில் இரண்டு வருட வேலை. ரேணிகுண்டாவிலிருந்து ஹைதராபாத், அங்கிருந்து குவைத். விமான நிலைய வாசலில் யஸ்வந்த் எதிரே வந்தான், யூனிபார்மில். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"எத்தன நாளா விடாம ஓட்டிக்கினு கீற?"

"ஆறு நாளாண்ணா."

"முடியலன்னு சொல்றதுதானே?"

"சொன்னா மெடிக்கலுக்கு அனுப்பறாங்கண்ணா. உங்களுக்கு ஆனதுக்கப்புறம் யாரும் சொல்றதில்ல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பிறகு பத்மினியின் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஹைதராபாத்தா அண்ணி? இன்னைக்கு நான்தான். பத்திரமா கொண்டுபோய்ச் சேக்குறேன்" என்றான்.

பத்மினி உள்ளே போய்த் திரும்பிக் கையசைத்தாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. எதைச் சொல்லி நிறுத்துவது? இதை விட்டால் அடுத்த விமானத்தை ஓட்டுகிறவன் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருப்பானா?

கார் நிறுத்துமிடத்திலேயே வெயிலில் நின்றிருந்தேன். ஒருவழியாகச் செய்தி வந்தது: "ஹைதராபாத்ல எறங்கிட்டேன். துன்னீங்களா?"

யஸ்வந்துக்கு அடுத்தது விஜயவாடா.