மூன்றாவது கேள்விக்கு 'மாட்டார்' என்று சொல்

தம்பிக்கு,

நான்கு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் காரியம்.

நாளை காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நடுவில் உனக்கு ஓர் அழைப்பு வரும். கடன் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசுவாள். என் பெயரைச் சொல்லி, இவரைத் தெரியுமா, உங்களுக்கு என்ன உறவு, வாங்கினால் ஒழுங்காகக் கட்டுவாரா என்று மூன்று கேள்வி கேட்பாள். மூன்றாவது கேள்விக்கு 'மாட்டார்' என்று சொல். சொல்லிவிட்டு வைத்துவிடு. நீ இதுவரை எனக்குச் செய்யாத உதவி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். தவிர, உன் எண்ணை நான் தடை செய்து வைத்திருக்கிறேன். அதனால்தான் கையால் எழுதிப் படம் பிடித்து உன் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படி. உனக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

நான் அதே கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறேன். இயற்பியலில் முதுகலை படித்துவிட்டு லென்ஸுக்குச் சாணை பிடிக்கிறார் என்று உன் மாமனார் ஒருமுறை பத்துப் பேர் எதிரில் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை என்று அவரிடம் சொல். மூன்று மாதமாக வாரத்தில் நாலு நாள்தான் வேலை, நாலு நாளுக்குத்தான் சம்பளம். யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் காப்பாற்றிவிட்டதாக முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். வாடகை ஒரு மாதம் பின்தங்கிவிட்டது. வீட்டுக்காரர் படியில் என்னைப் பார்த்தால் மாடிக் குழாயைப் பற்றி மட்டும் பேசுகிறார். அது இன்னும் மோசம். உன் அண்ணி பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைக்கும் வேலை எடுத்திருக்கிறாள். வீடு முழுக்கப் பொத்தான். போன வாரம் என் சாப்பாட்டுத் தட்டில் ஒன்று கிடந்தது.

நீ 'வாலு' என்று கூப்பிட்ட என் மகளுக்கு இப்போது பதினொன்று. அவள் வகுப்பில் பாதிப் பேர் விடுமுறைக்கு எங்கெங்கோ போய் நீச்சல் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்கள். இவள் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறாள். கூடத்தில் வயிற்றுக்கு அடியில் தலையணையை வைத்துக் குப்புறப் படுத்து, கையையும் காலையும் அடிக்கிறாள். மூச்சு எடுக்க முகத்தை ஒரு பக்கம் திருப்புகிறாள். அலமாரி வரைக்கும் போய்விட்டதாகக் கணக்கு. உடனே மறுபக்கம் தலை வைத்துத் திரும்பி வருகிறாள். தரையாவது சுத்தமாகிறது என்று உன் அண்ணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு மதியம் அவளிடம் கேட்டேன், நிஜத் தண்ணீரில் நீந்த ஆசையாக இருக்கிறதா என்று. முகத்தைத் தரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "இல்லப்பா. தண்ணின்னா மூக்குல ஏறுமாம். இதுதான் நல்லாருக்கு."

அது பொய். அதே வயதில் நான் வாசலில் நின்று சொன்ன பொய்களின் சாயல் அதில் இருந்தது. பெரியவர்களைக் காப்பாற்றுவதற்காகக் குழந்தைகள் சொல்லும் பொய்.

மறுநாள் கடையில் ஆளே இல்லை. இப்போது எங்கள் கடையில் கண்ணாடி பிரேமைத் தவணைக்கும் கொடுக்கிறோம். அதற்காக அந்தக் கடன் நிறுவனத்துப் பெண் ஒருத்தி கையில் டேப்லெட்டோடு கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "மாசம் கொஞ்சம்தான் சார், தெரியவே தெரியாது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வது என் வேலையிலும் சேர்ந்துவிட்டது. என் வாயால் அதைச் சொல்கிறேன், தம்பி. நான். அந்தப் பெண் பொழுது போகாமல் என்னிடம், கண்ணாடிக்கு மட்டுமில்லை, சுற்றுலாவுக்கும் தருகிறோம், கடை ஊழியர் என்றால் சரிபார்ப்பு குறைவு என்றாள். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஏரிக்கரையில் ஒரு ஓட்டல் இருக்கிறது. நீச்சல் குளத்தோடு இரண்டு நாள், மூன்று பேர். படிவத்தில் 'கடன் வாங்கும் காரணம்' என்று ஒரு பட்டியல் இருந்தது. மருத்துவம், கல்வி, வீட்டுப் பழுது, கடைசியில் 'குடும்ப மகிழ்ச்சி'. இப்படி ஒரு காரணத்தையும் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்து எழுதியிருக்கிறான். நான் அதைத்தான் தொட்டேன்.

அடுத்து ஒரு உறவினரின் எண் கேட்டது. வேலை நேரத்தில் எங்கள் செல்போன்கள் முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டுதான். உன் அண்ணியின் எண்ணை அடித்தேன். ஒரே வீட்டு ஆள் கூடாது என்று திரை சிவப்பாகிவிட்டது. இன்னொன்று உன்னுடையது. தடை செய்த எண்ணை விரல் எப்படி ஞாபகம் வைத்திருந்தது என்று கேட்காதே. எனக்கே அதில் எரிச்சல்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஓட்டலைப் பற்றிச் சொல்லிவிட்டேன், போனஸ் வருகிறது என்று. மகள் கத்தவில்லை, குதிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள், பிறகு தலையணையை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தாள். இனி அது தேவைப்படாது என்பது போல. உன் அண்ணி, "போனஸா?" என்று மட்டும் கேட்டாள். நாலு நாள் வேலைக்கு போனஸா என்று அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த, இழுத்தால் நீளும் துணியில் மகளுக்கு நீச்சல் உடை தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

உனக்கு அந்த வாடகைக் கார் ஞாபகமிருக்கும். அப்பா கடன் சொல்லி ஒரு நாள் முழுக்க எடுத்து வந்தாரே, போக இடமில்லாமல் பேருந்து நிலையத்தை மூன்று தடவை சுற்றினோமே, அந்தக் கார். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நீ முதலில் சொல்லும் கதை அது. அதன் மிச்சக் கதையை நான் சொல்கிறேன். அந்த டிரைவர் நாலு மாதம் வாசலுக்கு வந்தார். அப்பா பின்கட்டில் நிற்பார். கதவைத் திறந்து, அப்பா இல்லை, எப்போது வருவாரென்று தெரியாது என்று சொல்ல வேண்டியவன் நான். நீ உள்ளே தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு வாயால் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பாய். உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது என்பதுதான் உன்மேல் எனக்கிருக்கும் முதல் கோபம். நியாயமில்லாத கோபம் என்று தெரியும். ஆனாலும் அதுதான் எல்லாவற்றிலும் மூத்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தக் காரில் உன்னைப் போலவே, மறுபக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தவன் நான்தான்.

இப்போது நாம் பேசாமல் வைத்திருக்கும் விஷயம். அம்மாவை மலை ரயிலில் கூட்டிப்போக நீ கடன் கேட்டபோது என் எண்ணைத்தான் கொடுத்தாய். அந்த அழைப்பு எனக்கு வந்தது. "அவன் கையில காசு நிக்காது, எங்க அப்பா மாதிரி. குடுக்காதீங்க" என்றேன். கொடுக்கவில்லை. அடுத்த மூன்றாம் மாதம் நீ வேலை பார்த்த நிறுவனத்தை மூடினார்கள். அந்தக் கடனும் சேர்ந்திருந்தால் நீ நடுத்தெருவில் நின்றிருப்பாய். நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. ஆனால் அம்மா எட்டாம் மாதம் போய்விட்டாள்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த அழைப்பு வந்தபோது அம்மா என் வீட்டுக் கூடத்தில் இருந்தாள். பயணத்துக்கென்று வாங்கிய கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்ததும் அதைக் கழற்றி, மடித்து, பையில் வைத்தாள். யாரென்றுகூடக் கேட்கவில்லை. அம்மா போன பிறகு அந்தத் தொப்பியைத்தான் நீ கேட்டாய், நான் தரமாட்டேன் என்றேன்.

நானே ரத்து செய்துவிடலாமே என்பாய். செய்யலாம். ஒரே ஒரு பொத்தான். மூன்று தடவை விரலைக் கொண்டுபோனேன். டிரைவரிடம் இல்லை என்றவன் நான். உனக்கு இல்லை என்றவன் நான். அம்மாவுக்கும் நான்தான். என் மகளிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டுமா? இந்த ஒரு தடவை வேறு யாராவது சொல்லட்டும். உனக்கு அந்த உரிமை இருக்கிறது. என்னைவிட அதிகமாகவே இருக்கிறது.

பணம் வந்துவிட்டால் நாங்கள் போய்விடுவோம். அவள் நீந்துவாள். அப்புறம் வாசலில் ஆள் வந்து நின்றால் கதவைத் திறக்க எங்கள் வீட்டிலும் ஒரு பதினொரு வயது இருக்கிறது.

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாளை அழைப்பை எடு. எடுத்து, நான் அன்றைக்குச் சொன்னதையே சொல்.

உன் அண்ணன்

*

தம்பிக்கு,

நீ சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு அந்த டேப்லெட் பெண் சிரித்த முகத்தோடு என் சாணை மேசைக்கே வந்தாள். இப்படி ஒரு பதிலை இதுவரை கேட்டதில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். "எங்க அண்ணன் ஒரு காசு பாக்கி வைக்க மாட்டார். சின்ன வயசுல வீட்டுக்கு வந்த கடன்காரங்களுக்கெல்லாம் வாசல்ல நின்னு பதில் சொன்னது அவர்தான். அவருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்க?"

அப்படியானால் நீ பார்த்துக்கொண்டிருந்தாயா? தட்டைப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்ததெல்லாம் வாசல் பேச்சு உனக்குக் கேட்காமல் இருக்கவா, இல்லை எனக்குக் கேட்காமல் இருக்கவா? முப்பத்தைந்து வருடம் இதை ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். கேட்டுவைக்கிறேன், அவ்வளவுதான்.

நீ 'மாட்டார்' என்று சொல்லியிருந்தால் உன்மேல் இன்னும் கொஞ்ச காலம் கோபமாக இருந்திருக்கலாம். வசதியாக இருந்திருக்கும். நீ அதையும் கெடுத்தாய்.

பணம் கணக்கில் ஏற நான் கடைசியாக ஒருமுறை சம்மதம் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் தந்திருந்தார்கள். செல்போனை வாங்கிக்கொண்டு பிரேம் பெட்டிகள் அடுக்கியிருக்கும் பின்னறையில் போய் உட்கார்ந்தேன். இருபத்தைந்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. கண்ணுக்குள் ஒரு பக்கம் ஏரி தெரிந்தது, இன்னொரு பக்கம் வாசல். பிறகு ரத்து என்பதை அழுத்தினேன். 'உங்கள் குடும்ப மகிழ்ச்சி விண்ணப்பம் ரத்து செய்யப்பட்டது' என்று வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடையின் எடுபிடி ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போனபோது மகள் புது நீச்சல் உடையைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு நின்றாள். தோள்பட்டையில் உன் அண்ணி ஊசி குத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். போக முடியாது என்றேன். உனக்கு எழுதிய தாள்களை மேசையிலேயே விட்டிருந்தேன். இருவரும் படித்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. "சித்தப்பா வேண்டாம்னு சொல்லிட்டாரா?" என்று மகள் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழகிய வாய்.

"இல்லம்மா. சித்தப்பா குடுக்கச் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றேன்.

ஊசி குத்தியிருந்ததைக்கூடப் பார்க்காமல் உடையைக் கழற்றினாள். தோளில் கீறிவிட்டது. "நீங்க எப்பவும் வேண்டாம்னுதான் சொல்வீங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் அண்ணி வாடகைக்குக் கொடுக்க, பொத்தான் தைத்த காசை எடுத்து மேசையில் வைத்தாள்.

இது நடந்து மூன்று நாளாகிறது. தரையில் நீச்சல் இல்லை. அவள் என்னோடு பேசுவதில்லை. நேற்று மட்டும் தன் அம்மாவிடம், நான் இருப்பது தெரிந்தே, சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று நான்தான் சொன்னேன். நீ குதித்து நீந்தும்போதெல்லாம் கரையில் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான் என்றும் சொன்னேன். திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அம்மாவின் தொப்பியை நேற்று உன் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். விலைச் சீட்டு அப்படியே இருக்கிறது. அதைக் கிழிப்பதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்துகொள்.

உன் எண்ணை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறேன். எதையும் பார்த்து எழுதவில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உன் அண்ணியின் செல்போனிலிருந்து அழைப்பாள். உனக்குத் தெரியாத எண்ணாக இருக்கும். கடன் நிறுவனம் என்று நினைத்து விட்டுவிடாதே. தண்ணீரில் மூச்சை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடு. ஊருக்கு வெளியே பொதுக் குளம் ஒன்று இருக்கிறது. காசு கிடையாது, கூட்டம்தான் அதிகம். வேலையில்லாத மூன்று நாளில் ஒரு நாள் கூட்டிப்போகலாம் என்று நினைத்திருக்கிறேன். அவள் வருவாளா என்று தெரியாது. நீ சொன்னால் வருவாள்.

நான் பக்கத்து அறையில் இருப்பேன். கதவைச் சாத்தமாட்டேன்.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிறு, ஐந்து மணி. எடு.

அண்ணன்