தண்ணீர் ஆறும்வரை

அன்பு மகனுக்கு,

உன் அப்பா கேட்டதால் இன்று அவரை ட்ரவுட் மீன் பிடிக்கும் ஏரிக்குக் கூட்டிப்போனேன். கோடை முடிகிற நேரத்திலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. இந்தச் சூட்டில், பிடித்துத் திரும்ப விட்டாலும் மீன் பிழைக்காதாம். செப்டம்பர் கடைசியில் வரும்படி ஏரிக் காவலர் சொன்னார்.

“ஓம், தண்ணி ஆறட்டும். பிறகு தம்பியோட வாறன்,” என்று அப்பா இரண்டு பேருக்குப் படகு பதிந்தார். நீயும் அவரும் பேசாமல் இருப்பதை மறந்தவர்போல உன் பெயரையும் எழுதச் சொன்னார்.

டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்ன அவருடைய நாள் கணக்கு செப்டம்பர் கடைசிவரை வராது.

லண்டனுக்குள்ளே உன் பிளேஸ்டோவிலிருந்து எங்கள் ஈலிங் தூரமில்லை, ராசா. சனிக்கிழமை வா. தூண்டில் முள்ளில் பூச்சிபோல இறகு கட்ட வந்ததாக மட்டும் சொல்லு. அவருடைய கை இப்போது நடுங்குகிறது. நீ முள்ளைப் பிடித்துக்கொள், அவர் கட்டட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா