உயர்கணித வகுப்புக்குப் பத்தாவது ஆள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் மகள் குட்டியும் இங்கே சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை, கூடவும் இல்லை. அங்கே குளிர் எப்படி, மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று எழுது. எப்போது போன் செய்தாலும் பகலில் அப்பா வீட்டில் இருப்பதில்லையே என்று போன வாரம் கேட்டாய். வெளியே கொஞ்சம் வேலை என்று சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் முழு விவரமும் இல்லை. அம்மா தன் பாணியில் உனக்குச் சொல்வதற்கு முன் நானே முறையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறேன்.

பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் பொதுக் கணிதத்தோடு உயர்கணிதம் என்று ஒரு தனிப் பாடம் எடுக்கலாம் என்பது உனக்குத் தெரியும். பாலம் கட்டுகிற படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள் குட்டி. அந்தக் கல்லூரிகள் இந்தப் பாடம் படித்தவர்களைத்தான் எடுக்கின்றன. ஆனால் வகுப்பு நடக்கப் பத்துப் பேர் வேண்டுமாம், சேர்ந்தது ஒன்பது பேர். வார முடிவுக்குள் பத்தாவது ஆள் வராவிட்டால் வகுப்பையே கலைத்துவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். குட்டி தோழிகள் வீட்டுக்கெல்லாம் ஏறி இறங்கினாள். தையல்காரர் மகள், இருக்கிற கணக்கே கழுத்தை நெரிக்கிறது, இதில் உயர்வு வேறு கேட்கிறதா என்று கேட்டு அனுப்பிவிட்டாளாம். அன்று குட்டி சரியாகச் சாப்பிடவில்லை. சேர்க்கை விதிகளை நான் வழக்கம்போல ஒன்றுக்கு மூன்று முறை படித்திருந்ததால், எந்த வயதினரும் தனித் தேர்வராகப் பதிந்துகொண்டு வகுப்பில் உட்காரலாம் என்று ஒரு விதி இருப்பதைச் சொன்னேன். தகவலாகத்தான் சொன்னேன். அவளும் அம்மாவும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். முழங்காலை மடக்கி உள்ளே நுழைத்துவிட்டால் பிறகு சிரமம் இல்லை, வெளியே எடுப்பதுதான் கஷ்டம். கணக்கு டீச்சர் உன்னைவிடச் சின்னவர். முதல் நாள் வருகைப் பதிவில் என் முறை வந்தபோது நான் எழுந்து நின்றேன், அவரும் எழுந்து நின்றுவிட்டார். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று சில நாள் தடுமாறிவிட்டு இப்போது, “ஐயா, ஹோம்வொர்க் எங்க?” என்று கேட்கிறார். பள்ளி வளாகத்துக்குள் தன்னைக் குட்டி என்று கூப்பிடக் கூடாது என்பது உன் மகளின் நிபந்தனை. அதை மீறாமல் இருக்கிறேன்.

சங்கடம் பருவத் தேர்வில் வந்தது. தேறாதவர்களை உயர்கணிதத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். நான் தேறாவிட்டால் மறுபடி ஒன்பது பேர், வகுப்பு போய்விடும். நன்றாகத்தான் படித்திருந்தேன். ஆனால் நில அளவை அலுவலகத்தில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். அடுத்தவர் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது. சந்தேகம் வந்தால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பது அங்கே விதி. தேர்வில் எழுதி முடித்துவிட்டு முதலிலிருந்து சரிபார்த்தேன். அனேகமாக எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது. முறைப்படி கோடு அடித்தேன். புதிதாகப் போட ஆரம்பிக்கும்போது மணி அடித்துவிட்டது. அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாதாம். டீச்சர் விடைத்தாளை என்னிடம் காட்டி, “ஐயா, நீங்க அடிச்சது எல்லாம் சரி. அடிக்காம விட்டது ரெண்டு. அது ரெண்டும் தப்பு” என்றார். அவருக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

திரும்பி வரும்போது குட்டி என்னைவிடப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். மருந்துக்கடை திருப்பத்தில் நின்று, “தெரியலன்னா விடுங்க தாத்தா, தெரிஞ்சதை எதுக்கு அடிச்சீங்க?” என்று கேட்டாள். ஆபீஸ் விதி அப்படி என்றேன். “நீங்க ரிட்டயர் ஆனது ஆபீசுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் யாரும் சொல்லல போலிருக்கு” என்றாள். பிறகு அழுதாள். எனக்கு மருந்துக்கடைப் பலகையைப் படிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

எடுத்துவிடுவதற்கு முன் கடைசி வாய்ப்பாக மறு தேர்வு ஒன்று வைத்தார்கள். காலையில் குட்டி என் ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டாள். தொகை நுண்கணிதக் கேள்வியில் வந்த விடை எனக்குப் பிடிக்கவே இல்லை. கை பரபரத்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கண்காணிக்க வந்தவர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்த விடை தப்புதான். மற்றவை சரியாக இருந்ததால் மயிரிழையில் தேறிவிட்டேன். வகுப்பு நடக்கிறது. அணிகள் முடிந்து கலப்பெண்கள் ஆரம்பித்திருக்கிறார்கள். குட்டி வகுப்பில் முதல், நான் கடைசி, இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. என் மதிப்பெண் அட்டையில் அம்மாதான் கையெழுத்துப் போட்டாள். “முயற்சி உண்டு, தன்னம்பிக்கை போதாது” என்று டீச்சர் எழுதியிருந்ததை உரக்கப் படித்துவிட்டு, “இதைத் தெரிஞ்சுக்க ஸ்கூல் வரைக்கும் போகணுமா, என்னைக் கேட்டிருந்தா கல்யாணத்தப்பவே சொல்லியிருப்பேன்” என்றாள்.

இப்போது ஒரு விஷயம். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். மாணவர் தனக்காகத் தானே வரக் கூடாதாம். மாணவராக இருப்பதால் குட்டிக்கும் நான் வர முடியாதாம். வகுப்பு மாடியில், அம்மாவால் ஏற முடியாது. உனக்கு விடுமுறை கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. கிடைத்தால் வாயேன். குட்டி வாய்விட்டுக் கேட்க மாட்டாள். போன தடவை எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா வந்திருந்ததை மட்டும் சாப்பிடும்போது சொன்னாள். வந்தால் இரண்டு பேருக்காக உட்கார வேண்டியிருக்கும். முதலில் அவளைப் பற்றிக் கேள். என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது அவளை வெளியே அனுப்பிவிடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள், நோய்நொடி இல்லாமல் இருங்கள். பனியில் நடக்கும்போது பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொள். டிக்கெட் பதிந்தால் முதலில் குட்டியிடம் சொல், எனக்கு அவள் சொல்வாள்.

உன் அப்பா