மூச்சைக் கவனியுங்கள்

நாள் 212, காலை 7.10

செவ்வாய்க் கிரகம், மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு மருத்துவமனை. பதிவு: டாக்டர் மங்கையர்க்கரசி. ஒன்பது படுக்கைகள். ஒன்பதிலும் தூசி நுரையீரல். சரக்குக் கப்பல் வந்து சேர்ந்தது. நான் கேட்டது இன்னொரு செவிலியரும் ஆக்ஸிஜன் கருவிகளுக்கு வடிகட்டிகளும். வந்தது தியான மெத்தைகள், ஒரு வெண்கல மணி, 'கருணை மனம்' என்றொரு பயிற்சித் திட்டம். பூமியிலிருந்து நலவாழ்வு இயக்குநர் ரகோத்தமனின் செய்தி: "டாக்டர், உங்க சோர்வுக்கு மருந்து வெளியில இல்ல. உங்க மூச்சுலயே இருக்கு."

என் மூச்சுக்கு ஒரு கேடும் இல்லை, ஐயா. மூச்சு இல்லாதவர்கள் படுக்கையில் கிடக்கிறார்கள்.

நாள் 214, மாலை 4.00

முதல் வகுப்பு. மருத்துவர், செவிலியர் அனைவரும் கட்டாயம் வர வேண்டும் என்று ஆணை. அனைவரும் என்றால் நானும் செவிலியர் பெர்னதெத்தும். கண்ணை மூடச் சொன்னதும் அவள் தூங்கிவிட்டாள். தொடர்ந்து இரண்டு பணிநேரம் பார்த்தவள் வேறென்ன செய்வாள்? ஒளிப்பதிவைப் பார்த்த ரகோத்தமன் நெகிழ்ந்துவிட்டார்: "அந்த சிஸ்டர் எவ்வளவு ஆழமா போயிட்டாங்க பாருங்க!" குறட்டை அவருக்குக் கேட்கவில்லை போலும்.

தியானம் கெட்டதல்ல. சோறு கேட்டவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பதுதான் கெட்டது.

நாள் 217, காலை 11.25

வகுப்பு நேரத்தில் வார்டின் அபாய மணிகள் ஒலிக்காது. அமைதி கெடக்கூடாதாம். பூமியிலிருந்தே அணைத்திருக்கிறார்கள், எங்களிடம் சொல்லாமல். திரும்பி வந்தபோது வெல்டர் இடும்பனின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் கருவியின் வடிகட்டி அடைத்துப்போயிருந்தது. மூச்சுப்பையைக் கையால் அழுத்தி அழுத்தி மீட்டோம். மாற்று வடிகட்டி கிடையாது என்றேன். "எங்கயாவது ஒண்ணு கெடக்கும் டாக்டரம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று போன பெர்னதெத் ஒன்றைக் கொண்டுவந்து வெட்டிப் பொருத்தினாள். எங்கே கிடைத்தது என்று கேட்பதற்குள் அடுத்த படுக்கை இருமியது.

அபாய மணிகளை மறுபடி இயக்குங்கள் என்று ரகோத்தமனுக்குச் செய்தி அனுப்பினேன். பதில்: "உங்க கோபத்தை ஒரு மேகம் மாதிரி பாருங்க. வரும், போகும்."

இங்கே வருவது தூசி. அது போவதில்லை.

நாள் 221, பிற்பகல் 2.40

வெளியே புயல். பெர்னதெத் மருந்து அறையில் விழுந்துகிடந்தாள். எக்ஸ்ரே எடுத்தேன். இரண்டு நுரையீரலும் வெள்ளை. அவள் முகமூடியைக் கழற்றிப் பார்த்தேன். வடிகட்டி இருக்க வேண்டிய இடம் காலி. காலி முகமூடியை மாட்டிக்கொண்டு தூசிக் குகைப்பாதையில் போய் நோயாளிகளைத் தூக்கிவந்திருக்கிறாள்.

ஏன் என்று கத்தினேன்.

"அவனுக்கு மூச்சு இல்ல டாக்டரம்மா. எனக்குக் கொஞ்சம் இருந்துச்சு. அவ்வளவுதான்."

இவளுக்குத்தான் கருணை சொல்லிக்கொடுக்கப் பூமியிலிருந்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

கருவி எதுவும் காலியில்லை. மூச்சுப்பையை எடுத்தேன். இடும்பன் தன் குழாயைப் பிடுங்கிப் பெர்னதெத்துக்கு மாட்டப் பார்த்தான். அடித்துப் படுக்கவைத்தேன். "அப்ப பையையாச்சும் கொடுங்க டாக்டர், சிஸ்டருக்கு நான் அமுக்குறேன்" என்றான். கொடுத்தேன். நான் மற்றவர்களைப் பார்க்கப் போனேன்.

நாள் 222

குரலில் பதிவுசெய்கிறேன். கை காலியில்லை.

புயல் நிற்கவில்லை. வடிகட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டன. இடும்பன் பையைப் பிடித்தபடியே சரிந்தான். அவன் விரல்களைப் பிரித்துத்தான் பையை எடுத்தேன்.

சற்றுமுன் ரகோத்தமன்: "டாக்டர், வாழ்த்துகள்! உங்க வார்டுல எல்லாரோட இதயத்துடிப்பும் அழகா இறங்கிட்டே வருது. இவ்வளவு அமைதி வேற எந்த நிலையத்துலயும் வரல. உங்களை முன்மாதிரி மருத்துவமனையா அறிவிக்கிறோம்."

ஆமாம் ஐயா. ஆறு பேர் முழு அமைதி அடைந்துவிட்டார்கள். அறிவித்துக்கொள்ளுங்கள்.

பெர்னதெத் இன்னும் இருக்கிறாள். என் விரல்கள் மடங்கவில்லை. முழங்கையால் அழுத்துகிறேன். விட்டால் மார்பு எழவில்லை. யாராவது உள்ளே வந்தால் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், வணக்கம்கூட வேண்டாம், முதலில் இந்தப் பையை வாங்கிக்கொண்டு