மேனேஜரைத் திருப்பி அனுப்புங்கள், மாமா

செத்த பிறகும் என்னைவிட ஒரு குறும்பு முன்னால் நிற்கும் என் மாமாவுக்கு,

முதலில் செய்தி. மேனேஜர் குட்டி போட்டுவிட்டது. நான்கு. நீங்கள் இருந்திருந்தால் "மேனேஜருக்குப் பிரசவ லீவு" என்று கோழிப்பண்ணைக் கதவில் எழுதியிருப்பீர்கள். எழுத ஆளில்லாததால் நானே சாக்பீஸில் எழுதினேன். சிரிக்கத்தான் ஆளில்லை.

வேலை எதுவும் செய்யாமல், பண்ணையை மூலைக்கு மூலை மோந்து பார்த்துவிட்டு, எல்லாம் தப்பு என்கிற முகத்தோடு வெளியேறும் சாம்பல் பூனைக்கு அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தானே. உங்கள் பின்னால் மட்டும்தான் அது நடக்கும். நான் கூப்பிட்டால் லீவு லெட்டர் கொடுத்தவள் போலத் திரும்பிக்கொள்ளும்.

நீங்கள் போனபின், வளர்க்கக் குஞ்சு தரும் கம்பெனிக்காரர்கள் புதிதாகக் குஞ்சு இறக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கோழி கத்திய ஷெட்டில் இப்போது நான் தும்மினால் எனக்கே திரும்பி வருகிறது. அம்மா அந்தப் பக்கம் தலைவைத்துப் பார்ப்பதில்லை. நீங்கள் ஷெட்டுக்குப் போட்டுப்போகும் கறுப்பு ரப்பர் பூட்ஸ் மட்டும் வீட்டு வாசலில், வெளியே பார்த்தபடி, கிளம்பத் தயாராக நிற்கிறது. தம்பியின் பூட்ஸை நகர்த்த அக்காவுக்கு மனசு வரவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி நான் செய்த தப்பு. எனக்குத் தெரிந்த பச்சைக்குழந்தைகள் கோழிக்குஞ்சுகள்தான். அதனால் குஞ்சு இறங்கும் நாளில் நீங்கள் செய்வதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். நம் வீட்டு முன்பக்கத் தீவன அறையில் மேனேஜர் குட்டி போட்டிருந்த பழஞ்சாக்கை எடுத்து எரித்தேன். தரையில் மருந்துத் தண்ணீர் தெளித்தேன். தேங்காய் நார் மஞ்சியைப் பரப்பி, தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்கு குட்டிகளையும் அந்த மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்துவிட்டேன்.

மேனேஜர் வந்தது. ஒவ்வொன்றாக மோந்தது. தும்மியது. தகரத்தைத் தாண்டி வெளியே போனது. போனதுதான்.

பால் ஊற்றினேன். நான்கும் குடித்தன. வயிறு உருண்டு நின்றது. "குண்டு பல்புக்குக் கீழே நாலு குண்டு" என்று அம்மாவிடம் பெருமை வேறு அடித்தேன். மறுநாள் காலை ஒன்று அசையவில்லை. மிச்ச மூன்றையும் கூடையில் வைத்துப் பல்லடத்து டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"என்ன பாலு கண்ணு ஊத்துன?"

"பசும்பாலுங்க."

"ஆகாது. சரி, ஒண்ணுக்குப் போச்சா?"

"அது அதுபாட்டுக்குப் போயிக்காதுங்களா?"

"போகாது. தாய்ப்பூன நக்கியுட்டாத்தான் போகும். இதென்ன கோழிக்குஞ்சா?"

ஆமாங்க, கோழிக்குஞ்சு என்றுதான் நினைத்தேன். பால் குடித்த வயிறு என்று நான் கொண்டாடியது, பாதிக்குமேல் வெளியேற வழியில்லாமல் நின்ற நீர். அந்தக் குட்டியைப் பற்றி மட்டும் எனக்கு நையாண்டி வரவில்லை மாமா. கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா வெதுவெதுப்பான பஞ்சால் எப்படித் துடைத்துவிடுவது என்று காட்டினார். சிங்காநல்லூர் வரை பஸ்ஸில் போய்ப் பூனைக்குட்டிப் பால்பொடி வாங்கி வந்தேன். ரெண்டு மணிக்கொருதரம் ஊசியில்லாத சிரிஞ்சில் ஒவ்வொரு சொட்டாக. ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதுதான் காதிலேயே நின்றது. "ரொம்பப் பொடுசு கண்ணு. தாயோட சேராட்டி சிரமந்தான். மருந்து வாசத்துல தாய்க்கு அடையாளந் தெரியல. அது படுத்த துணி எதாச்சும் இருந்தா அதுல தேச்சு உடு. ரெண்டு நாளைக்குள்ள எப்படியாச்சும் சேத்துப்போடு."

படுத்த சாக்கைத்தான் நான் சாம்பலாக்கிவிட்டேனே.

சரி, மேனேஜர் எங்கேதான் போகிறது? அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு மறைந்திருந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வாசலில் இருந்த உங்கள் பூட்ஸ் பக்கத்திலிருந்து எழுந்தது. வாலை நிமிர்த்திக்கொண்டு ஷெட்டுக்குப் போகும் தடத்தில் இறங்கியது. நேராக நடக்கவில்லை. இடதுபக்கம் ஒரு தேய்ப்பு, வலதுபக்கம் ஒரு தேய்ப்பு. நடப்பவர் காலில் உரசிக்கொண்டு போகுமே, அப்படி. கால்தான் இல்லை. வேப்பமரத்தடியில் நின்று வேட்டியை மடித்துக் கட்டுவீர்கள் அல்லவா? அங்கே அது உட்கார்ந்தது. வேட்டி கட்டும் நேரம் இருந்தது. எழுந்து மறுபடி நடந்தது. ஷெட் கதவுக்கு முன்னால் அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தது.

தீவன அறையில் மூன்றும் கத்திக்கொண்டிருந்தன. அதன் காது ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உங்கள் போனில் கோழிக்குஞ்சு கத்துவதை அலாரமாக வைத்து உங்களை மத்தியானத் தூக்கத்திலிருந்து ஷெட்டுக்கு ஓடவிட்டேனே, அன்று என்ன சொன்னீர்கள்? "செத்தாலும் உன்ன உடமாட்டேன் அம்மணி, பேயா வந்து பழி வாங்குவேன்." வாங்குங்கள். ஆனால் என்னைக் கூப்பிடாமல் ஏன் பூனையைக் கூப்பிட்டீர்கள்? அதற்குக் குட்டி இருப்பது உங்களுக்குத் தெரியாதா?

அம்மாவிடம் சொன்னேன். பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே உங்கள் பச்சைத் துண்டு. நீங்கள் மத்தியானம் விரித்துப் படுக்க, உங்கள் வயிற்றோரம் மேனேஜரும் படுக்குமே, அதே துண்டு. அவள் அதைத் துவைக்காமல் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

"இதுல தேய்."

"மருந்து வாசம் ஏறிக்கும்மா. அப்புறம் மாமா வாசம் இருக்காது."

"போச்சாது, உடு. உசுரு பொழைக்கட்டும்." முகத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு கொடுத்தாள்.

மூன்றையும் துண்டில் புரட்டி, அதிலேயே படுக்க வைத்தேன். வாசம் தயார். இனி மேனேஜரை அறைக்குள் கொண்டுவர வேண்டும். தூக்கிவந்தால் பிறாண்டிவிட்டு ஓடுகிறது. ஏமாற்றித்தான் கொண்டுவர முடியும். ஏமாற்றுவதில் இந்த வீட்டில் இப்போது நான்தானே சீனியர்?

மறுநாள் ஐந்து மணிக்கு உங்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போய் நின்றேன். என் ரெண்டு பாதமும் ஒரே பூட்ஸில் அடங்கும் போலிருந்தது. ஐந்தரைக்குக் கதவிடுக்கில் மேனேஜரின் முகம் தெரிந்தது. கதவைத் திறந்து, உங்களைப் போலவே காலைத் தேய்த்துத் தேய்த்து, வீட்டைப் பார்த்து நடந்தேன். தப், தப்.

பின்னாலேயே வந்தது. பூட்ஸில் உரசியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வேப்பமரத்தடியில் நிற்க மறந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிவரை வந்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில், ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பூட்ஸ் சத்தம் கேட்டு அம்மா வாசற்படிக்கு வந்திருந்தாள். "வந்துட்டியா சாமி" என்றாள். மெதுவாக, தினமும் கேட்கிற மாதிரி. அந்தக் குரலை உங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் அவள் எடுத்ததில்லை. "அம்மா, நாந்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் வேட்டி கட்டும் நேரம் முடிந்தது. மேனேஜர் எழுந்தது. வாலை நிமிர்த்திக்கொண்டு என்னைக் கடந்து போனது. இடதுபக்கம் ஒரு தேய்ப்பு, வலதுபக்கம் ஒரு தேய்ப்பு. ஒரு கை தூரத்தில் பார்த்தேன் மாமா. தேய்த்த பக்கம் அதன் மயிர் படிந்து எழுந்தது.

வாசற்படியில் நின்றிருந்த அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். பூனைக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. நான் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே தீவன அறையில் குட்டிகளின் கத்தல் நின்றது. நான் போய் எட்டிப் பார்த்தபோது மேனேஜர் பச்சைத் துண்டில் சரிந்து படுத்திருந்தது. மூன்றும் வயிற்றில் ஒட்டியிருந்தன. ஒன்றின் பின்பக்கத்தை அது நக்கிக்கொண்டிருந்தது. நான் பஞ்சைக் கீழே வைத்தேன்.

"எதுக்கும்மா ஒதுங்குன?"

"வழியில நின்னா எப்படி உள்ள வாரதாம்?" என்றாள்.

குட்டிகள் பிறந்து இன்றைக்கு ஒன்பதாவது நாள். ஒரு குட்டிக்கு இடதுகண் மட்டும் திறந்திருக்கிறது. உலகத்துக்குக் கண்ணடித்துக்கொண்டே வந்திருக்கிறது. உங்கள் வாரிசு, சந்தேகமில்லை. மேனேஜர் இப்போதும் ஐந்தரைக்குப் போகிறது. ஆனால் பால் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. அப்படியே அனுப்பிவையுங்கள் மாமா. அதுகளுக்குப் பல் முளைக்கும்வரையாவது.

பூட்ஸைக் கழுவி, வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். இனி அதை விளையாட்டுக்குப் போடமாட்டேன். தினமும் காலையில் எழுந்ததும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். இதுவரை உள்ளேதான் பார்க்கிறது.

இன்னொரு வாக்கும் தருகிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் வாசற்படியில் யாரும் உட்காரமாட்டோம்.

ஒதுங்கி நிற்கும்,
உங்கள் அக்கா மகள்,
திட்டும்போதுகூட நீங்கள் மட்டும் "அம்மணி" என்று அழைத்தவள்