கோணல் திடலும் முட்டைக்கோஸ் வாடையும்

அடியே,

இன்று காலை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கல்விப் பாடம். பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போனால் முட்டைக்கோஸ் வாடை மூக்கைத் துளைக்கிறது. தேயிலை மலையில் கொழுந்து வாடை அடிக்கலாம், தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று வந்தால் தூள் வாடை அடிக்கலாம். முட்டைக்கோஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். எல்லாம் உன் வீட்டுக்காரர் செய்த வேலை. கொஞ்சம் பொறு, அதற்கு வருகிறேன். நீ போன பிறகு இப்படிப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. சுற்றி வளைத்துத்தான் பேசுவேன்.

நாம் படித்த பள்ளியிலேயே நான் ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது, "திடல நேராக்கிட்டாங்களாடி?" என்றுதான் நீ முதலில் கேட்டாய். இன்னும் இல்லை. மேல் பக்கம் பள்ளிச் சுவர், கீழ்ப் பக்கம் தேயிலை, நடுவில் சாய்ந்து கிடக்கிற நம் வலைப்பந்துத் திடல். பந்து கை நழுவினால் நேராகத் தேயிலைக்குள் போய்விடும். நழுவவிட்டவளே போய் எடுத்து வர வேண்டும் என்பது நம் காலத்துச் சட்டம். செடியைத் தாண்டக் கூடாது. வரிசை முடியும் மட்டும் சுற்றிப் போய்த்தான் வர வேண்டும். ஒருமுறை நீ தாண்டினாய். கங்காணி கீழே நின்று, "ஏ புள்ள, செடி என்ன ஒங்கப்பன் வச்சதா?" என்று கத்தினார். நீ இடுப்பில் பந்தோடு நின்று, "எங்கப்பன் இல்ல, எங்க தாத்தா வச்சது!" என்று திருப்பிக் கத்தினாய். கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சுற்று நடைக்குச் சோம்பல்பட்டே நாம் பந்தைத் தவறவிடாமல் பிடிக்கக் கற்றோம். சாரல் விழுந்தால் மற்றவர்கள் வகுப்புக்கு ஓடுவார்கள். நீ மட்டும் நகர மாட்டாய். "கரைஞ்சி போக நாம என்னா சீனியா?" என்பாய். உன்னால் எனக்குச் சளி பிடிக்காத மாதமே கிடையாது.

தானா ராத்தா டவுனில் நடந்த வட்டாரப் போட்டிக்குத் தோட்டத்து லோரியில் போனோமே, அது நினைவிருக்கிறதா? அங்கே திடல் தட்டையாக, பலகை போட்ட மாதிரி இருந்தது. நீதான் கோல் போடுகிறவள். போட்ட பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பறந்தது. தாண்டாமல் என்ன செய்யும்? நாம் எப்போதும் கீழே நின்று மேட்டுப் பக்கத்து வளையத்துக்கே எறிந்து பழகியவர்கள். கை அந்தச் சாய்வைக் கணக்கில் வைத்துத்தான் எறிந்தது. நான்கைந்து பந்து போன பிறகு நீ ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கையைத் தூக்கி, நடுவரைப் பார்த்துச் சொன்னாய்: "டீச்சர், இந்தத் திடல் கோணலா இருக்கு!"

டவுன் பள்ளிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவரும் சிரித்தார். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. உனக்கு வரவில்லை. திரும்பி வரும்போது லோரியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாய். மறுநாள் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனாய். தோட்டத்திலேயே சமமான தரை அது ஒன்றுதான். சுவரில் கரியால் வளையம் வரைந்தாய். கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி ஓடிவந்து, "சுவர நாசம் பண்றியா?" என்று அதட்டினார். நீ பயப்படவே இல்லை. "சார், நெட்பால் வளையம் இவ்ளோ ஒயரம் இருக்குமா? பாத்துச் சொல்லுங்களேன்" என்றாய். மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அளவுகோலை எடுத்து வந்தார். அடுத்த ஆண்டு நாம் இறுதியாட்டம் வரை போனோம்.

வளர்ந்து கல்யாணம் கட்டி, கம்போங் ராஜாவில் காய்கறி பொட்டலம் கட்டும் வேலைக்குப் போன பிறகும் நீ விடவில்லை. இனிப்புநீர் நோய் முற்றி உன் அப்பாவின் காலை வெட்டி எடுத்த வருடம் அது. "நம்மாளுங்க காவடிக்கு மட்டும் ஒடம்ப தயார் பண்றாங்கடி. மத்த நாளெல்லாம் ஒடம்ப யாரு பாக்குறா?" என்று திட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வலைப்பந்துக் குழுவைச் சேர்த்தாய். பிரிஞ்சாங்கில் பூக்கடை வைத்திருக்கிறவள், ஓட்டலில் படுக்கை விரிக்கிறவள், தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிற பெண்கள். எல்லோரும் பிள்ளை பெற்ற உடம்பு. முதல் நாள் ஓடியதைவிட மூச்சு வாங்கியதுதான் அதிகம். ஊர் கேலி பேசியது. நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு உனக்கே நோய் வந்தது. மார்பில் கட்டி என்று நீ வாயைத் திறந்தபோது நேரம் கடந்திருந்தது. எல்லோரையும் டாக்டரிடம் போகச் சொன்னவள் நீ போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரப்போவதுமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். தேர்வு வரப்போகிறது, ஆறாம் ஆண்டுக்கு உடற்கல்வியை எடுத்துவிட்டுக் கணக்குப் பாடம் வைத்தால் என்ன என்று பேச்சு வந்தது. யார் ஆரம்பித்தது தெரியுமா? ராத்திரியெல்லாம் காய்கறி லோரி ஓட்டுகிற உன் வீட்டுக்காரர்தான். நீ போனதிலிருந்து உன் மகள் என் பாடத்தில் வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அதுகூட அவர் சொல்லிக் கொடுத்ததாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

"டீச்சர், இந்த ஓட்டம், ஆட்டம், பீஜே பாடமெல்லாம் வேணாம்லா. கணக்கு படிச்சா நாளைக்கு ஆபீஸ்ல ஒக்காருவா. எம் பொண்டாட்டி வாழ்நாளெல்லாம் ஓடுனா. ஓடி என்னா ஆச்சு? சொல்லுங்க, என்னா ஆச்சு?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். உடற்பயிற்சியின் நன்மைகள் என்று பேச நான் தயாராக வந்திருந்தேன். அதெல்லாம் ஒன்றும் வாயில் வரவில்லை. எழுந்து நின்றேன்.

"அண்ணே, ஓடுனா சாவு வராதுன்னு நான் சொல்லல. அவ ஈப்போ ஆஸ்பத்திரில கெடந்தப்போ நீங்க லோரிய விட்டுட்டு வர முடியல. அது ஒங்க தப்பு இல்ல. ஆனா ஒரு நாளாவது அவ தனியா கெடந்தாளா? கஞ்சி கொண்டு போனது யாரு? குளிப்பாட்டுனது யாரு? ஒங்க மகளுக்குத் தல பின்னி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது யாரு? எல்லாம் அந்த ஞாயித்துக்கெழம டீம்தானே. பந்து ஆடலன்னா அந்தப் பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தே இருக்க மாட்டாங்க. ஓடி என்னா ஆச்சுன்னு கேட்டீங்க. இதுதான் ஆச்சு. இந்தப் பாடத்த நான் விட்டுத் தர மாட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பூக்கடைக்காரி பின்வரிசையில் எழுந்தாள். "சார், அந்தப் பாடம் இருக்கட்டும். மழ பேஞ்சாலும் இருக்கட்டும்" என்றாள். வேறு யாரும் மறுத்துப் பேசவில்லை. பாடம் தப்பியது. உன் வீட்டுக்காரர் மட்டும் தேநீர்கூடக் குடிக்காமல் வெளியே போய்விட்டார். நமக்கு இனி அவர் பகைதான் என்று நினைத்தேன்.

இன்று காலை நான் திடலுக்குப் போகும் முன்பே அவருடைய லோரி அங்கே நின்றது. சரக்கை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார், கண்ணெல்லாம் சிவப்பு. முட்டைக்கோஸ் மூட்டைகளை மூடுகிற பெரிய தார்ப்பாயைத் திடலின் கீழ் விளிம்பு முழுக்கக் கம்பு நட்டுக் கட்டியிருந்தார். பந்து இனித் தேயிலைக்குள் போகாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"கீழ போயி பந்து எடுக்குற நேரம் மிச்சம் டீச்சர். அந்த நேரத்துல கணக்கு படிக்கட்டும்."

அவர் வீம்பு உனக்குத் தெரியும். நானும் சிரிக்காமல் தலையாட்டினேன். லோரியின் முன்கதவு திறந்தது. உன் மகள் இறங்கினாள். காலில் உன் பழைய சப்பாத்து. முன்னால் காகிதம் அடைத்திருந்தாள்போலும், நடை தடக் தடக் என்றது.

நம்மைப் போல அவள் கையும் சாய்வுக்குப் பழகிவிடக் கூடாதென்று, அவளைக் கீழே நிறுத்தாமல் வளையத்துக்குப் பக்கவாட்டில் நிறுத்தி எறியச் சொன்னேன். அடுத்த வாரம் பிள்ளைகளை அந்தக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு அழைத்துப் போகப்போகிறேன். இப்போதைய கிராணியிடம் அனுமதியும் கேட்டாயிற்று. வட்டாரப் போட்டியில் நம் பிள்ளைகளைப் பார்த்து யாராவது சிரித்தால் அழ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். திடல் கோணல் என்றால் கோணல் என்று உரக்கச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுச் சமமான தரையைத் தேடிப் போய்ப் பழகுங்கள் என்றேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தராதது அது. உன்னிடமிருந்து எடுத்தது, இன்னும் கையில் இருக்கிறது.

பாடம் பாதியில் சாரல் பிடித்தது. பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே போகச் சொல்லும் விசிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். உன் மகள் பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வளையத்தைக் குறி பார்த்தாள்.